‘ஹிப் ஹிப் ஹுரே’: பொருள், பயன்பாடு, தமிழில் அதற்கு ஈடு

பாலக்கோட்டு ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாலக்கோட்டை அடுத்த ஒரு சிற்றூரின் நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். ஆண்டு விழாவுக்காகப் பத்து நிமிட ஆங்கில நாடகம் ஒன்றை நானே எழுதிப் பிள்ளைகளைப் பழக்கி வருகிறேன். தூர்ந்து கிடந்த ஊர்க் கிணற்றைப் பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து தூர்வாருகிறார்கள். அடியில் ஊற்றுக்கண் திறந்து தண்ணீர் கசியத் தொடங்கியதும், எல்லோரும் ‘ஹிப் ஹிப் ஹுரே’ என்று மூன்று முறை கூவுவதோடு நாடகம் முடிகிறது.

நேற்றைய ஒத்திகையில் ஒன்றைக் கவனித்தேன். ‘ஹிப் ஹிப்’ என்று சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் அத்தனை பேரும் இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டார்கள். ‘ஹுரே’ வந்ததும் கைகளை எடுத்து மேலே வீசினார்கள். அப்படிச் செய்யும்படி நான் சொல்லித் தரவில்லை. ஏன் என்று கேட்டபோது முன்வரிசையில் நின்ற சிறுமி, “ஹிப்புன்னா இடுப்புதானே டீச்சர், நீங்கதானே போன மாசம் சொல்லிக் குடுத்தீங்க” என்றாள். அவள் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. உடலுறுப்புகளின் பெயர்களை நடத்தியபோது அந்தச் சொல்லையும் நான்தான் கரும்பலகையில் எழுதினேன். அப்படியானால் இந்த ‘ஹிப்’ எது என்று அவளுக்குச் சொல்ல என்னிடம் விடை இல்லை. அகராதியைப் புரட்டினால் ‘மகிழ்ச்சி ஆரவாரம்’ என்று இரண்டு சொற்களோடு நின்றுவிடுகிறது.

விழாவுக்கு வரும் பெற்றோரில் பலருக்கு ஆங்கிலம் தெரியாது என்பதால், இதே நாடகத்தைத் தமிழிலும் ஒருமுறை நடிக்கத் தீர்மானித்திருக்கிறோம். மற்ற வசனங்களைத் தமிழாக்குவதில் சிரமம் இருக்கவில்லை. இந்தக் கடைசிக் கூவலில்தான் இரண்டு நாட்களாக நின்றுகொண்டிருக்கிறேன். இதன் உண்மையான பொருள், எங்கே யார் சொல்வது, தமிழில் எப்படி எழுதுவது, தமிழில் இதன் இடத்தில் எதை வைப்பது என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

ஓசூர் இயந்திரப் பணியாளர் எழுதியது:

வணக்கம் அம்மா. சொல்லின் வரலாறு எனக்குத் தெரியாது. அதன் பயன்பாட்டை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை செய்த தொழிற்சாலையில், ஒரு புதிய இயந்திரத்தை நிறுவ வெளிநாட்டிலிருந்து பொறியாளர் ஒருவர் வந்திருந்தார். மூன்று வாரம் எங்களோடு தரையில் உட்கார்ந்து வேலை பார்த்தார். இயந்திரம் முதல் உருப்படியைச் சரியான அளவில் வெளியே தள்ளியதும், எங்கள் மூத்த பிட்டர் ஒருவரின் தோளைப் பிடித்து முன்னே நிறுத்தி, அவருக்கு ‘த்ரீ சியர்ஸ்’ என்று அறிவித்துவிட்டு, “ஹிப் ஹிப்” என்று உரக்கச் சொன்னார். சொல்லிவிட்டு எங்களைப் பார்த்தார். நாங்கள் நாற்பது பேரும் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அடுத்த பகுதியையும் அவரே சொல்வார் என்றுதான் நினைத்தோம். சில நொடிகள் கழித்து அவரே மெல்ல ‘ஹுரே’ என்று முடித்துக்கொண்டார்.

‘ஹிப் ஹிப்’ என்பது தலைமை தாங்குபவரின் அழைப்பு. ‘ஹுரே’ என்பது கூட்டத்தின் விடை. இதை ஒருவரே முழுமையாகச் சொல்லிக்கொள்வது வழக்கமில்லை. நாங்கள் வாய் திறக்காமல் நின்றதால், முப்பது ஆண்டு உழைத்த அந்தப் பெரியவருக்குக் கிடைக்க வேண்டிய பாராட்டு பாதியில் நின்றுபோனது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆகவே உங்கள் நாடகத்தில் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து முழுத் தொடரையும் கூவுகிறார்கள் என்றால், தயவுசெய்து அதை மாற்றுங்கள். ஒரு பிள்ளை அழைக்கட்டும். மற்றவர்கள் விடை சொல்லட்டும். அதுவே மூன்று முறை நடக்கட்டும்.

தருமபுரி மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

ஓசூர் நண்பர் பயன்பாட்டின் உயிர்நாடியைத் தொட்டுவிட்டார். வரலாற்றை நான் சுருக்கமாகச் சொல்கிறேன்.

இந்தக் கூவலின் மூத்த வடிவம் ‘ஹஸா’ என்பதாகும். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே அது ஆங்கில எழுத்தில் காணப்படுகிறது. கப்பலோட்டிகள் எழுப்பும் மகிழ்ச்சிக் குரல் அது என்று பழைய எழுத்தாளர்களே குறித்திருக்கிறார்கள். பாய்மரத்தையும் பாரத்தையும் கயிறு கட்டி இழுத்து உயர்த்தும்போது மாலுமிகள் ஒரே மூச்சில் போடும் சத்தத்திலிருந்து அது பிறந்திருக்கலாம் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. நம் கடற்கரையில் வலை இழுப்போரின் ‘ஏலேலோ ஐலசா’வை நினைத்துக்கொண்டால் இந்தக் கருத்து எளிதில் விளங்கும். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ‘ஹுரா’ என்ற வடிவம் தோன்றுகிறது. அதன் பேச்சு வழக்குத் திரிபாக ‘ஹுரே’ பரவுகிறது. ‘ஹிப் ஹிப்’ என்ற முன்னழைப்பு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இதனோடு சேர்ந்தது. அதாவது அந்தச் சிறுமி கேட்ட ‘ஹிப்’ பிற்காலத்தில் வந்து ஒட்டிய உறுப்பு. அதற்கும் இடுப்புக்கும் உறவு இல்லை. எழுத்து ஒன்றாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான். கூட்டத்தின் கவனத்தைத் திருப்ப எழுப்பும் ஓர் ஒலி அது.

‘சியர்’ என்ற சொல்லின் கதை இதைவிட அழகானது. பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது அதன் பொருள் முகம் என்பதுதான். முகத்திலிருந்து முகத்தில் தெரியும் மனநிலைக்கும், அங்கிருந்து நல்ல மனநிலைக்கும், அதிலிருந்து மகிழ்ச்சிக்கும், கடைசியாக மகிழ்ச்சியில் எழுப்பும் குரலுக்கும் அது நகர்ந்தது. முகமலர்ச்சி என்று நாம் சொல்வதும் இதே வழியில் நடந்து வந்த சொல்தானே.

பென்னாகரம் வாசகர் எழுதியது:

‘ஹுரா’ என்பது ‘ஊரார்’ என்ற தமிழ்ச் சொல்லின் திரிபு என்று ஓர் இணையப் பக்கத்தில் படித்தேன். ஊரார் எல்லோரும் சேர்ந்து எழுப்பும் குரல் என்பதால் பொருளும் பொருந்துகிறதே?

தருமபுரி மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

ஐயா, ஒலி ஒத்திருப்பது மட்டும் உறவுக்குச் சான்றாகாது. ஒரு சொல்லின் பழைய வடிவத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நான் முன்பு சொன்ன ‘ஹஸா’தான் ‘ஹுரா’வுக்கு முந்தியது. அதில் ரகரமே இல்லை. ஊரார் என்ற சொல்லில் உயிர்நாடியாக இருக்கும் ரகரம் அந்தக் கூவலில் பிற்காலத்தில்தான் வருகிறது என்றால், உறவு அங்கேயே அறுந்துவிடுகிறது. தமிழ் மீது எனக்கும் உங்களைப் போலவே பற்று உண்டு. பிற மொழிச் சொல் ஒவ்வொன்றையும் நம்முடையது என்று நிறுவ முயல்வதால் தமிழுக்குப் பெருமை சேர்வதில்லை. நம்மிடம் உண்மையில் இருப்பதைத் தேடும் நேரம்தான் வீணாகிறது.

ஜெர்மானியர் ‘ஹுர்ரா’ என்றும் ரஷ்யர் ‘உரா’ என்றும் கூவுகிறார்கள். அண்டை மொழிகள் ஒன்றிடமிருந்து ஒன்று கற்ற குரல் இது. நெப்போலியனுக்கு எதிரான போர்களில் பிரஷ்யப் படைவீரர் இதைப் போர்க்குரலாகவே எழுப்பினர்.

பென்னாகரம் வாசகர் எழுதியது:

விளக்கத்துக்கு நன்றி ஐயா, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இன்னொரு ஐயம் இருக்கிறது. ‘ஹிப் ஹிப்’ என்பது யூதர்களை இழிவுபடுத்தும் குரல் என்றும், அதைப் பள்ளிகளில் சொல்லக் கூடாது என்றும் ஒரு செய்தி கைப்பேசியில் சுற்றுகிறது. நாடகத்தில் பிள்ளைகள் சொல்லப்போவதால் கேட்கிறேன்.

தருமபுரி மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

கேட்டது நல்லது. 1819இல் ஜெர்மானிய நகரங்களில் யூதர்களுக்கு எதிராகக் கலவரங்கள் நடந்தன. வூர்ட்ஸ்பர்க் நகரில் தொடங்கிய அந்த வன்முறையில் கும்பல் எழுப்பிய குரல் ‘ஹெப் ஹெப்’ என்பதாகும். அதன் பெயராலேயே அக்கலவரங்கள் வரலாற்றில் அறியப்படுகின்றன. அது நடந்த உண்மை. ஆனால் ‘ஜெருசலேம் வீழ்ந்தது’ என்ற பொருளுடைய லத்தீன் தொடரின் முதலெழுத்துகளே ‘ஹெப்’ என்றும், சிலுவைப் போர்க் காலத்திலிருந்து அது வழங்குகிறது என்றும் சொல்லப்படும் கதைக்குப் பழைய சான்று இல்லை. ஆடு மாடுகளை ஓட்டும் ஒலியிலிருந்தே கும்பலின் குரல் வந்தது என்ற விளக்கமும் உண்டு. அந்த ஜெர்மானியக் குரலுக்கும் ஆங்கிலப் பாராட்டு அழைப்புக்கும் மூல உறவு உண்டா என்பதில் அறிஞர்கள் ஒருமனப்படவில்லை. இன்று ஆங்கிலம் பேசும் எவரும், பிறந்தநாள் விழாவில் குழந்தையைச் சுற்றி நின்று இதைக் கூவும்போது, பாராட்டைத் தவிர வேறு எதையும் கருதுவதில்லை. பிள்ளைகள் தயக்கமின்றிச் சொல்லலாம்.

கிருஷ்ணகிரி வரலாற்று ஆர்வலர் எழுதியது:

பேச்சு வரலாற்றுக்கு வந்துவிட்டதால் நம் மண்ணோடு தொடர்புடைய ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். மூன்றாம் மைசூர்ப் போரின்போது, 1791இன் இறுதியில், ஆங்கிலேயப் படை கிருஷ்ணகிரிக் கோட்டையைத் தாக்கியது. மலையடியில் இருந்த பேட்டை அவர்கள் கைக்கு வந்தது. மலைமேல் கோட்டையை அவர்களால் ஏறிப் பிடிக்க முடியவில்லை. மறு ஆண்டு திப்பு சுல்தானுடன் ஏற்பட்ட உடன்படிக்கையில்தான் இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிகளை உள்ளடக்கிய பாராமகால் முழுவதும் கிழக்கிந்தியக் கும்பினியின் ஆட்சிக்குள் வந்தது. அக்கால ஆங்கிலப் படைகளின் வழக்கமான முழக்கம், மொழிபெயர்ப்பாளர் ஐயா குறிப்பிட்ட அந்த ‘ஹஸா’தான். இந்தக் கூவலின் முன்னோர் வடிவம் நம் வட்டாரத்தில் முதன்முதலில் போர் முழக்கமாகத்தான் ஒலித்திருக்கும் என்று நான் கருதுகிறேன். அதே குரலின் வழித்தோன்றலை இன்று பாலக்கோட்டுப் பிள்ளைகள், கிணற்றில் தண்ணீர் வந்ததற்காகக் கூவப்போகிறார்கள் என்பதை எண்ணும்போது மனம் நிறைகிறது.

அரூர் முன்னாள் மாலுமி எழுதியது:

பதினைந்து ஆண்டுகள் இந்தியக் கடற்படையில் பணியாற்றியவன் என்ற முறையில் ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். ஆசிரியை அம்மாவின் கடைசிக் கேள்விக்கு அதில் ஒரு வழி இருக்கிறது.

பிரித்தானியக் கடற்படையில் அரசருக்கோ அரசிக்கோ மரியாதை செலுத்தும்போது, கப்பலின் விளிம்பை ஒட்டி வரிசையாக நிற்கும் மாலுமிகள் தொப்பியைக் கழற்றி உயர்த்தி மூன்று முறை ‘ஹுரே’ முழங்குவார்கள். அந்த மரபு நம் கடற்படைக்கும் வந்தது. ஆனால் நாம் சொல்லை மாற்றிக்கொண்டோம். குடியரசுத் தலைவர் கடற்படையைப் பார்வையிட வரும்போது, அவருடைய கப்பல் கடந்து செல்கையில், மாலுமிகள் அதே போல் தொப்பியை உயர்த்தி ‘ராஷ்டிரபதிஜி கீ ஜே’ என்று முழங்குகிறார்கள். நிற்கும் முறை, தொப்பி உயரும் கணம், எல்லோர் குரலும் ஒன்றாக எழுவது ஆகிய எதுவும் மாறவில்லை. உள்ளே இருந்த சொல் மட்டும் நம்முடையதாயிற்று. ஆகவே ‘ஹுரே’ என்ற சொல்லுக்கு நேரான தமிழ்ச் சொல்லைத் தேடுவதைவிட, அந்தச் சட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு அதற்குள் நம் சொல்லைப் பொருத்துவதே சரியாக இருக்கும் என்பது என் கருத்து.

தேன்கனிக்கோட்டை மாணவி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் வயதினர் ‘ஹுரே’ என்று அதிகம் சொல்வதில்லை. ‘யே’, ‘ஊஹூ’ போன்றவற்றைத்தான் குறுஞ்செய்திகளில் எழுதுகிறோம். இவை எல்லாவற்றையும் ஒரே பொருளுடையவை என்று எண்ணுவது தவறு என்று எங்கள் பேராசிரியர் ஒருமுறை விளக்கினார்.

எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். ‘யிப்பீ’ என்பது தனக்கு ஒன்று கிடைத்த மகிழ்ச்சியில் துள்ளும் குழந்தையின் குரல். நாளை விடுமுறை என்றால் ‘யிப்பீ’. அது 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான் எழுத்தில் வந்தது. ‘யே’ இன்னும் இளையது. சிறிய நற்செய்திக்குச் சிறிய மகிழ்ச்சி. வாக்கெடுப்பில் ‘ஆம்’ என்பதற்குச் சொல்லும் பழைய ஆங்கிலச் சொல்லும் காதில் இதே போல் ஒலிக்கும், ஆனால் அது வேறு சொல். ‘பிராவோ’ இத்தாலியத்திலிருந்து வந்தது. திறமையைக் காட்டியவரை நோக்கிச் சொல்வது. பாடி முடித்த பெண்ணை இத்தாலியர் ‘பிராவா’ என்றுதான் பாராட்டுவார்கள் என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. ‘யுரேகா’ கிரேக்கம், ‘கண்டுபிடித்துவிட்டேன்’ என்ற முழு வாக்கியம் அது. ‘ஹுரே’ மட்டும்தான் பலர் கூடி, பெரும்பாலும் மற்றொருவரின் பொருட்டோ பொது வெற்றியின் பொருட்டோ எழுப்புவது. தண்ணீர் ஊர் முழுவதற்கும் கிடைக்கிறது என்பதால், நாடகத்துக்கு ‘ஹுரே’ பொருத்தமான தேர்வு என்றே நினைக்கிறேன்.

தருமபுரி மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

நன்றாகச் சொன்னீர்கள் மகளே. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஆங்கிலச் செய்திகளில் ‘கடைசி ஹுரா’ என்ற தொடர் அடிக்கடி வரும். 1956இல் வெளிவந்த ஓர் அமெரிக்க நாவலின் தலைப்பால் பரவலான தொடர் அது. முதிய விளையாட்டு வீரரோ அரசியல்வாதியோ ஓய்வுக்கு முன் களத்தில் காட்டும் இறுதி முயற்சியைக் குறிக்கும். இதை ‘கடைசி மகிழ்ச்சி’ என்று தமிழில் பெயர்த்திருப்பதை நான் அச்சில் பார்த்திருக்கிறேன். அந்த வீரர் அதன் பிறகு மகிழவே இல்லை என்று வாசகர் எண்ணிவிடுவார். ‘கடைசி ஆட்டம்’ என்றால் போதும்.

காவேரிப்பட்டணம் தமிழாசிரியர் எழுதியது:

பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியன் நான். இந்த உரையாடலை மூன்று நாட்களாகப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலில் எழுத்து. பலரும் ‘ஹுர்ரே’ என்று எழுதுகிறார்கள். தமிழில் ரகர மெய் இரட்டிக்காது. தனிக்குற்றெழுத்தை அடுத்து ‘ர்’ ஒற்றாக நிற்பதும் இல்லை. ரகரமும் ழகரமும் குற்றெழுத்தை அடுத்து ஒற்றாக வாரா என்பது தொல்காப்பிய விதி. இந்த விதி எங்கோ ஏட்டில் உறங்குவதன்று. நம் மாவட்டத்தின் பெயர்ப்பலகையைப் பாருங்கள். ‘தர்மம்’ என்ற வடசொல் தமிழுக்கு வரும்போது ரகரம் உகரம் ஏறித் ‘தருமம்’ ஆகும். ‘தருமபுரி’ என்று நாம் எழுதுவது அதனால்தான். ஆகவே ‘ஹுரே’ என்று ஒற்றை ரகரத்தோடு எழுதுவதே நன்று. ஆங்கிலத்திலும் அழுத்தம் இரண்டாம் அசையில் விழுவதால், ‘ரே’ என்ற நெடில் அந்த ஒலிப்பை நன்கு காட்டுகிறது. முதலெழுத்தைக் குறித்து நான் வாதாட மாட்டேன். ‘உரே’ என்றால் கூவலின் மூச்சு போய்விடுகிறது.

அடுத்து, தமிழ் ஈடு. ‘வாழ்க’ என்று வைக்கலாமே என்று சிலருக்குத் தோன்றும். ‘வாழ்க’ வியங்கோள் வினைமுற்று; ஒருவர் வாழ வேண்டும் என்ற விருப்பத்தைச் சொல்கிறது. வாழ்த்துக்கு ஒரு ஆள் வேண்டும். கிணற்றில் தண்ணீர் வந்த கணத்தில் எழும் குரலுக்கு அது பொருந்தாது. ‘சபாஷ்’ பாரசீகத்திலிருந்து வந்தது. ‘மகிழ்ச்சியாயிரு’ என்பது அதன் மூலப்பொருள், ஆனால் நம்மிடையே அது ஒருவரின் திறமையை மெச்சும் சொல்லாகிவிட்டது. அரூர் நண்பர் சொன்ன ‘ஜே’யும் அத்தகையதே. குலவையை நான் மறக்கவில்லை. அது தென்மாவட்டப் பெண்களின் உயிர்க்குரல். நம் ஊர்த் திருவிழாக்களில் நான் அதை அதிகம் கேட்டதில்லை. திரௌபதி அம்மன் தீமிதியில் நம் கூட்டம் எழுப்புவது ‘கோவிந்தா’வைத்தான்.

ஆனால் நம் பிள்ளைகள் நாள்தோறும் எழுப்பும் ஒரு குரல் இருக்கிறது. மிட்டாயைக் கண்டால், மழையில் முதல் துளி விழுந்தால், அப்பா ஊரிலிருந்து வந்து பேருந்தை விட்டு இறங்கினால், அவர்கள் ‘ஐ!’ என்கிறார்கள். யாரும் கற்றுக்கொடுக்காத குரல் அது. தொல்காப்பியர் உரியியலில் ‘ஐ’ என்பதற்கு வியப்பு என்றே பொருள் சொல்லியிருக்கிறார். நாற்பது ஆண்டுகள் அந்த நூற்பாவைப் பாடம் நடத்தினேன். ஒவ்வொரு முறையும் வகுப்பில் ஒரு பிள்ளையின் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன்.

மூன்று முறை கூவுவதும் நமக்கு அயலானதன்று. ஒரு சொல் இரண்டு, மூன்று, நான்கு என்ற எல்லை வரை அடுக்கி வரும் என்று நன்னூல் வரையறுக்கிறது. விரைவு, வெகுளி, உவகை, அச்சம், அவலம் ஆகியவற்றில் சொல் அவ்வாறு அடுக்கும் என்பர் உரையாசிரியர். தீப்பிடித்தால் ‘தீ தீ தீ’ என்கிறோம். விருந்தினரைக் கண்டால் ‘வருக வருக’ என்கிறோம். நம்மாழ்வார் அடியார் கூட்டத்தைக் கண்ட உவகையில் ‘பொலிக பொலிக பொலிக’ என்று மூன்று முறை அடுக்கித்தான் அந்தத் திருவாய்மொழிப் பதிகத்தைத் தொடங்குகிறார். சுவீடன் நாட்டார் வாழ்த்தொலியை நான்கு முறை எழுப்புவார்களாம். அவர்களும் நன்னூலின் எல்லையைத் தாண்டவில்லை.

‘பொலிக’ என்று எழுதியதும் என் பாட்டியின் களம் நினைவுக்கு வந்துவிட்டது. கேழ்வரகுக் கதிரைப் போரடித்து, காற்று வரும் வேளை பார்த்து முறத்தால் தூற்றுவார்கள். பதர் ஒரு பக்கம் பறக்க, மணி காலடியில் குவியும். குவியல் முழங்கால் உயரம் வந்ததும் அளப்பதற்கு முன் ஒருவர் ‘பொலியோ’ என்பார்; மற்றவர்கள் ‘பொலி’ என்பார்கள். பொலிதல் என்றால் பெருகுதல், நிறைதல். அந்த நேரத்தில் களத்தில் வேறு பேச்சு இருக்காது. அழைப்பும் விடையுமாக அமைந்த உழவரின் மகிழ்ச்சிக் குரல் அது. ஊற்று பெருகும் கிணற்றுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை.

தேன்கனிக்கோட்டை மாணவி எழுதியது:

ஐயா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். இரண்டு ஐயங்களை மரியாதையோடு முன்வைக்கிறேன். தொல்காப்பியர் ‘ஐ’ என்பதற்குச் சொல்வது வியப்பு. மெய்ப்பாட்டியலில் வியப்பைக் குறிக்கும் மருட்கை வேறு, உவகை வேறு என்று தனித்தனியாகத்தானே எண்ணப்படுகின்றன? மேலும், ‘பொலியோ’ என்று மேடையில் கூவினால், பிள்ளைகளுக்கும் இளம் பெற்றோருக்கும் சொட்டு மருந்து போடும் நோயின் பெயரே நினைவுக்கு வரும் என்று அஞ்சுகிறேன்.

காவேரிப்பட்டணம் தமிழாசிரியர் எழுதியது:

இரண்டும் நியாயமான ஐயங்கள் அம்மா. எட்டு மெய்ப்பாடுகளில் மருட்கையும் உவகையும் வேறு வேறுதான். குழந்தையின் ‘ஐ’யில் எது எங்கே முடிகிறது என்று என்னால் பிரிக்க முடியவில்லை, மிட்டாயைக் கண்ட வியப்பும் அது தனக்குத்தான் என்ற உவகையும் ஒரே மூச்சில் வருகின்றன. இலக்கணத்தில் நீங்கள் சொல்வதே சரி. நோயின் பெயரில் முதலெழுத்து நெடில், இதில் குறில். ஆனாலும் மேடையில், ஒலிபெருக்கியில், அந்த வேறுபாடு காதில் நிற்காமல் போகலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ‘பொலி பொலி’ என்று அடுக்கிச் சொல்லும் வழக்கும் களத்தில் உண்டு. அதில் அந்தக் குழப்பம் வராது.

பாலக்கோட்டு ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஒவ்வொரு பதிவையும் அச்செடுத்து வகுப்பில் படித்துக் காட்டினேன். ‘ஹிப்’ என்பது இடுப்பு அன்று, கூட்டத்தை அழைக்கும் ஒலி என்று சொன்னதும், அந்தச் சிறுமி தன் குறிப்பேட்டில் உடலுறுப்புகளின் பட்டியலுக்குத் திரும்பிச் சென்று, அந்தச் சொல்லுக்கு எதிரே ‘1’ என்று எழுதி, பக்கத்தின் கீழே ‘2. கூப்பிடும் சத்தம்’ என்று சேர்த்துக்கொண்டாள். அகராதிகள் அப்படித்தான் எழுதப்படுகின்றன என்பதை நான் அவளுக்கு அதுவரை சொன்னதில்லை.

ஆங்கில நாடகத்தில் ‘ஹிப் ஹிப் ஹுரே’ அப்படியே இருக்கும். ஓசூர் ஐயா சொன்னபடி ஒருத்தி அழைக்க, மற்றவர்கள் விடை சொல்வார்கள். தமிழ் நாடகத்துக்கு எதை வைப்பது என்று பிள்ளைகளிடமே விட்டுவிட்டேன். ‘பொலிக’ என்று விடை சொல்லிப் பார்த்தார்கள், குரல் எழவில்லை. அந்தச் சொல் அவர்களுக்குப் புதிது, வாயில் நிற்கவில்லை. ‘ஐ’ என்றபோது வகுப்பறையின் ஓடு அதிர்ந்தது. ஆகவே அழைப்பு ‘பொலி பொலி’ என்றும் விடை ‘ஐ’ என்றும் அவர்களே முடிவு செய்தார்கள். காவேரிப்பட்டணம் ஐயா இதற்கு உடன்படுவாரா?

காவேரிப்பட்டணம் தமிழாசிரியர் எழுதியது:

மனமார உடன்படுகிறேன். விழா எப்போது என்று தெரிவியுங்கள் அம்மா.

பாலக்கோட்டு ஆசிரியை எழுதியது:

விழா நேற்று மாலை நடந்தது. தாமதமாக எழுதுவதற்குப் பொறுத்தருள வேண்டும்.

ஆங்கில நாடகத்துக்குப் பெற்றோர் கைதட்டினார்கள். தமிழ் நாடகத்தின் முடிவில், கிணற்று வளையமாக வைத்திருந்த பழைய லாரிச் சக்கரத்துக்குள்ளிருந்து ஒரு பையன் ஈரக் கையை உயர்த்திக் காட்டினான். அழைக்கும் சிறுமி முன்னே வந்து “பொலி பொலி” என்றாள். பிள்ளைகள் ‘ஐ’ என்று வாயெடுப்பதற்குள், பின்வரிசையில் பேரனை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டி, “பொலியோ பொலி” என்று தன் போக்கில் விடை சொல்லிவிட்டார். பக்கத்தில் இருந்த இன்னும் இரண்டு மூன்று முதியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மேடையில் பிள்ளைகள் ஒரு கணம் திகைத்து நின்றார்கள். அந்தச் சிறுமி என்னைத் திரும்பிப் பார்த்தாள், நான் தலையசைத்தேன். அவள் பார்வையாளர் பக்கம் திரும்பி நின்று, இரண்டாம் முறை அவர்களை நோக்கி அழைத்தாள்.